கேஸ்கெட் போச்சா, ஃபேன் நின்னுச்சா?

நாட்றாம்பாளையம் மலைப்பாதையில் பழைய மாருதி 800 ஒன்று சூடேறி நின்றால், கூடும் கூட்டம் உடனே தீர்ப்பு சொல்லிவிடும்: “ஹெட் கேஸ்கெட் போச்சு!” அந்த மாடல் உற்பத்தி 2014-ல் நின்றது. ஆனாலும் பல வீடுகளில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னும் அந்த வண்டிதான். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினால் செலவு கையைக் கடிக்கும்.

அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது; கொதிநீர் முகத்தில் பீறிடும். முதலில் ஃபேன் சுற்றியதா, ஹோஸ் ஒழுகுகிறதா என்று பார்க்கலாம். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்தால் குமிழி வரும். உள்ளே அடைபட்ட காற்று என்றால் சற்று நேரத்தில் அடங்கும். அடங்காமல் வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரில் எரியும் வாயு கேஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் புகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆயில் மூடிக்கு அடியில் லேசான வெண்ணுரையா? பக்கத்துக் கடைக்கு மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படிவதுண்டு. டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால்தான் விவகாரம். குளிர்காலக் காலைப் புகைக்கும் அதே கதைதான். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டும்.

“அஞ்செட்டி வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்” என்பது மட்டும் வேண்டாம். கொதிக்கும் இன்ஜினில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.