நல்லோர் வாழும் மேடு

அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில், மேய்ச்சல் நிலங்களின் நடுவே வட்டமாக எழுந்த மண்மேடுகள் பல உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர் குடும்பங்கள் ஆநிரை காத்து வாழ்ந்த மனைகள் இவை என்பர் தொல்பொருள் ஆய்வாளர். அந்நாட்டு முதியோர் கூறியதோ வேறு. மேட்டினடியில் கண்ணுக்குப் புலனாகாத அணங்குகள் குடியிருக்கின்றன. மேட்டை உழுதாலும், அதன்மேல் நிற்கும் முள்மரத்தை வெட்டினாலும் கால்நடை மடியும், வீட்டில் நோய் புகும் என அவர்கள் நம்பினர். அவ்வணங்குகளைப் பெயர் சொல்லி அழைக்கவும் அஞ்சி, 'நல்லோர்' என்றே குறித்தனர். சினமூட்டலாகாதவரை நல்லவர் என்று புகழ்வது அச்சத்தின் இயல்பன்றோ!

இவற்றை நாம் விரிவாக அறியக் காரணமானோர் பள்ளிச் சிறுவர்களே. 1937 முதல் 1939 வரை, அந்நாட்டு நாட்டுப்புறவியல் ஆணையத்தின் முயற்சியால், ஏறத்தாழ 50,000 மாணவர்கள் தம் ஊர் முதியோரிடம் கேட்டவற்றை எழுதித் தந்தனர். குழந்தையை அணங்குகள் மாற்றிச் செல்லாதிருக்கத் தொட்டிலின் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்தல் வழக்கம். மே மாத முதல் நாளில் அண்டை வீட்டார்க்கு நெருப்போ பாலோ கொடார். கொடுத்தால் அவ்வாண்டின் வெண்ணெய்ப் பேறும் உடன் போய்விடுமாம். வெண்ணெய் விற்று நிலவாடகை செலுத்தும் ஏழைக் குடியானவனுக்கு இவ்வச்சம் சிறியதன்று.

இவற்றைக் கேட்டு நகைப்பது எளிது. எனக்கு நகைப்பு எழுவதில்லை. பல்லாயிரம் மேடுகள் ஏர்முனைக்கு இரையாகாமல் நிலைத்திருப்பதற்கு உழவரின் அச்சமும் ஒரு காரணம். சட்டம் காக்க முன்வருவதற்கு நெடுநாள் முன்பே அது காவல் புரிந்தது. ஆயினும், அவ்வச்சத்தைப் போற்றவும் என்னால் இயலவில்லை.

1895ஆம் ஆண்டு, திப்பரேரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பிரிட்ஜெட் கிளியரி என்னும் இளம்பெண் நோயுற்றாள். தையல் தொழிலால் தன் கையிற் பொருளீட்டியவள் அவள். படுக்கையிற் கிடப்பது தன் மனைவியன்று, அணங்குகள் மாற்றி வைத்த உரு எனக் கணவன் எண்ணினான். தந்தையும் உறவினரும் சூழ்ந்திருக்க, மூலிகைச் சாறு அவள் வாயில் வலிந்து புகட்டப்பட்டது. "நீ மெய்யாகவே பிரிட்ஜெட்தானா?" என்று மீண்டும் மீண்டும் வினவினர். மார்ச்சு 15ஆம் நாள் இரவில் அவள் கணவனால் எரியுண்டு மாண்டாள். பின்னர் அவன், உண்மையான மனைவி வெண்குதிரை ஏறி வருவாள் என்று, அருகிருந்த மேட்டில் சில இரவுகள் காத்திருந்தான். அதன்பின் 15 ஆண்டுகள் சிறையில் இருந்தான்.

மேட்டைத் தொடாது விலகியதும் இந்த நம்பிக்கையே. நோயாளியைத் தீயிலிட்டதும் இதுவே. முன்னதில் உழவன் தன் கையை அடக்கிக்கொண்டான். பின்னதில், 'நான் நானே' என்ற ஒரு பெண்ணின் சொல்லை விடத் தம் அச்சத்தையே பெரிதாகக் கொண்டனர். சூழ நின்றோர் பகைவரல்லர், உற்றாரே என்பதுதான் என் நெஞ்சை வருத்துகிறது.

அந்நம்பிக்கை அத்துடன் மறைந்துவிடவில்லை. கிளேர் மாவட்டத்து லட்டூன் என்னுமிடத்தில், 1999ஆம் ஆண்டு, புதிய சாலைக்காக ஒரு முள்மரத்தை அகற்ற இருந்தனர். எடி லெனிஹன் என்னும் கதைசொல்லி, அஃது அணங்குகள் கூடும் இடம் என்று வாதாடினார். மரத்தை விட்டுவைத்தே சாலை அமைக்கப்பட்டது. 2002இல் எவரோ இரவோடிரவாக அதன் கிளைகளை அறுத்தெறிந்தனர். மரம் மீண்டும் தளிர்த்தது.