அம்மாவுக்கு எவ்வளவு சுகர்?

கணவருக்கு சுகர் இருக்கும் வீட்டில், அந்த நோயைப் பற்றி அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் மனைவிதான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், போன முறை ஃபாஸ்ட்டிங் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால், 'சரி, உங்களுக்கு எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பதில் வராது.

மதுரையில் அப்படி ஒரு வீடு. கணவருக்குப் பத்து வருடமாக சுகர். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் நோட்டில், தேதி வாரியாகக் கோடு போட்டு அவருடைய அளவுகளை எழுதி வருவது மனைவிதான். அந்த அம்மாவுக்கு வயது 52. காலையில் எல்லோருக்கும் டிபன் கொடுத்து முடித்து, பத்தரை மணிக்கு மேல்தான் சாப்பிட உட்காருவார். ஆறிப்போன இரண்டு தோசை, மிஞ்சிய பொங்கல், 'வீணாப் போகுதே' என்று ராத்திரி சோற்றில் இன்னும் ஒரு கரண்டி. அதுதான் அவருடைய உணவு அட்டவணை.

ஒரு வருடமாகவே அவருக்குச் சில தொந்தரவுகள் இருந்தன. ராத்திரியில் மூன்று முறை எழுந்து பாத்ரூம் போனார். தாகம் அதிகமாக இருந்தது. வெயில் என்று நினைத்தார். மதியமானால் அசதி, மெனோபாஸ் என்று விட்டுவிட்டார். பிறப்புறுப்பில் அரிப்பு வந்து வந்து போனது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். அரிவாள்மனை வெட்டிய விரல் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. இதில் ஏதாவது ஒன்று கணவருக்கு வந்திருந்தால், அன்றைக்கே லேபுக்குக் கிளப்பியிருப்பார்.

லீவுக்கு வந்திருந்த மகள்தான் கேட்டாள். "ஏம்மா, நீ எப்ப டெஸ்ட் எடுத்த?"

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன். நீ வயித்துல இருக்கும்போது கொஞ்சம் சுகர் இருந்துச்சு. பிரசவத்தோட போயிருச்சு."

சாதாரணமாகச் சொன்ன இந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. கர்ப்பகாலத்தில் வரும் சர்க்கரை பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால், அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, அதன்பின் வருடம் ஒருமுறை என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசித் தேதிகளை மறக்காத அம்மாக்கள், தங்களுக்கான இந்தத் தேதியை மறந்துவிடுகிறார்கள்.

மறுநாள் டெஸ்ட் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 168. ஹெச்பிஏ1சி 8.4.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரைநோய். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. அதில் 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரைநோய். அறிகுறி எதுவும் இல்லாமல் ஒரு பரிசோதனையில் மட்டும் அளவு கூடியிருந்தால், இன்னொரு முறை பார்த்துத்தான் டாக்டர் உறுதி செய்வார். வீட்டிலிருக்கும் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்து நாமே முடிவுக்கு வரக் கூடாது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மாற்றம், அந்த அம்மா எட்டரை மணிக்கே கணவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததுதான். 'அவருக்குத் தனி, நமக்குத் தனி' என்ற சமையல் நின்றது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என ஏதாவது ஒன்று. சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறினால் போதும் என்பதில்லை, அளவுதான் முக்கியம். கேழ்வரகைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாலும் சர்க்கரை சீக்கிரம் ஏறும். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று இருந்தவர், இப்போது கணவரோடு தினமும் அரை மணி நேரம் நடக்கிறார்.

ஒருநாள் மட்டும் பயந்துபோனார்கள். சஷ்டி விரதம் என்று சாப்பிடாமல் இருந்தவர், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்கெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியது. கணவருக்கு இது பழகிய விஷயம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தது. சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குப் பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். விரதம் இருப்பதானால் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அளவு இயல்புக்கு வந்ததும் 'சரியாயிருச்சு' என்று தாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. வருடம் ஒருமுறை கண் விழித்திரை, சிறுநீரகம், பாதம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். வலியே இல்லாமல் பாதிக்கப்படும் இடங்கள் இவை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. அந்த முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்தால், உணவாலும் நடையாலும் நோயைத் தள்ளிப்போட முடியும், சிலருக்குத் தவிர்க்கவும் முடியும்.

30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அடுத்த முறை அப்பாவை லேபுக்கு அழைத்துப் போகும்போது, அம்மாவையும் வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள். 'எனக்கென்ன' என்பார். கேட்காதீர்கள்.