'டு'வா, 'ஃபா'ரா?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் வேலைக்குப் புதிது. கணக்கைத் தாமதமாகக் கொடுத்ததற்காக மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்புமுன் என்னிடம் காட்டினாள். "ஐ அபாலஜைஸ் ஃபார் யூ" என்றிருந்தது. தூக்கிவாரிப் போட்டது! தவறு செய்தவர் அதிகாரி, அவருக்காக இவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்றல்லவா அர்த்தமாகிறது? ஆளுக்கு 'டு', குற்றத்துக்கு 'ஃபார்'. திருத்தி அனுப்பினாள், வேலையும் பிழைத்தது.

தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அது பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். 'அதைப் பற்றி' என்று தமிழில் நினைக்கிறோமா, 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' ஓடி வந்துவிடுகிறது. அங்கே அதற்கு வேலையே இல்லை! 'ரிப்ளை மீ' என்றாலோ 'டு' காணாமல் போகிறது.

ஆகவே, சகோதரிகளே, வினைச்சொல்லை அதன் துணையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சில சொற்கள் துணையோடு வரும். சில தனியாகவே வரும். விருந்தாளிகளைப் போலத்தான்!