சின்னச் சப்பாத்தும் ஒரு கம்பியும்

கொஞ்சம் நீளமான பதிவு. கைக்குழந்தை இருக்கிற வீட்டார் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஊர்த் தம்பி ஒருவர் உம்மாவோடும் மனைவியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் படித்த பிள்ளை. மனைவியின் கையில் 18 நாள் குழந்தை. இந்த வெயிலிலும் கழுத்து வரை துவாயால் சுற்றியிருந்தார்கள். துவாயைக் கண்டதுமே எங்களுக்கு விளங்கிவிட்டது. 11 வருடங்களுக்கு முன் எங்கள் மகனையும் நாங்கள் இப்படித்தான் சுற்றி வைத்திருந்தோம்.

துவாயை விலக்கினால் இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. "கிரகணத்துல கத்தி புடிச்சிருக்கா சேர்" என்றார் தம்பியின் உம்மா, மருமகளைப் பார்க்காமலே. எங்கள் வீட்டிலும் அன்று இதே கதைதான். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மௌத்தான அன்று கிரகணம் பிடித்தபோது, யாருடைய மௌத்துக்காகவும் ஹயாத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் சொன்னதை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம். மருமகள் விஷயம் என்றதும் எப்படியோ மறந்துவிடுகிறது.

இதை வளைபாதம் என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் பிறப்பில் ஒன்று. ஆண் பிள்ளைகளுக்குத்தான் கூட. பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் வரும். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. கத்திக்கு இல்லை.

எங்கள் மகனுக்கு இடது கால். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "நாற்பது முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்க" என்று துரத்தினார். அவருக்கு இன்றும் துஆ செய்கிறோம். கிழமைக்கு ஒரு பிளாஸ்டர், தொடை வரைக்கும். ஒவ்வொரு கிழமையும் கழற்றி, பாதத்தைக் கையால் மெல்ல இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பி, மறுபடி பிளாஸ்டர். ஆறாவதோடு பாதம் நேரானது. பிறகு குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சின்ன வெட்டு, மூன்று கிழமைக்குக் கடைசிப் பிளாஸ்டர். (நரம்பு என்று நாம் சொன்னாலும் அது தசைநார். வெட்டிய இடம் அந்த மூன்று கிழமைக்குள் நீளமாகி ஒட்டிவிடும்.)

இந்த முறையைக் கண்டவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914இல் பிறந்தவர், மணிக்கூடு திருத்துபவரின் மகன். உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்து, தோற்ற பக்கத்தோடு நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிகோவில் கிராமத்து டொக்டராக இருந்து, 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போனார். அங்கே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பாதங்கள் வளர்ந்த பிறகு விறைத்து, நோவோடு இருப்பதைக் கண்டார். குழந்தையின் பாதம் இளகியது, வெட்டிக் கிழிக்கத் தேவையில்லை என்று 1963இல் எழுதினார். பல காலம் பெரிதாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1995இல் அவரிடம் குழந்தையாக வைத்தியம் பெற்ற 45 பேரைத் தேடிப் பார்த்தார்கள். சராசரி வயது 34. 78 சதவீதமானோரின் பாதம் நல்ல நிலையில் இருந்தது. பாதத்தில் பிறவிக்குறையே இல்லாத, ஒத்த வயதினரிலும் அது 85 சதவீதம்தான்!

இனித்தான் நாங்கள் வெட்கத்தோடு எழுத வேண்டிய பகுதி.

பிளாஸ்டர் முடிந்ததும் இரண்டு சின்னச் சப்பாத்தும், இரண்டையும் இணைக்கிற ஒரு கம்பியும் தந்தார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம். பிறகு நித்திரை நேரம் மட்டும், ஏறக்குறைய நாலு வயது வரை. மூன்று மாதத்தை ஒழுங்காகக் கடந்தோம். பிறகு ஒரு கலியாண வீடு. சொந்தக்காரர் எல்லாரும் வந்து தங்கியிருந்தார்கள். கம்பியைக் கண்டால் கேள்வி வரும் என்று இரண்டு ராவு கழற்றி வைத்தோம். அடுத்து காய்ச்சல், அடுத்து பரீட்சைத் தாள் திருத்துகிற காலம், பிள்ளை அழுதால் எங்களுக்கு நித்திரை இல்லை. அவன் நடக்கத் தொடங்கியதும் கம்பி அலுமாரிக்குப் போய்விட்டது. கிளினிக்கில் கேட்டபோது "ராவு முழுக்கப் போடுறோம்" என்றோம். பிள்ளைகள் வீட்டுவேலை செய்ததாகப் பொய் சொன்னால் வகுப்பில் எழுப்பி நிறுத்துகிற நாங்கள்தான் அப்படிச் சொன்னோம்.

இரண்டு வயதில் இடது குதிகால் தரையைத் தொடவில்லை. டொக்டர் ஏசவில்லை. சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

முதல் சில வருடங்கள் பாதம் வேகமாக வளர்கிறது. வளர்கிறபோது பழைய பக்கத்துக்கே இழுக்கவும் பார்க்கிறது. 2004இல் அமெரிக்காவில் மேத்யூ டொப்ஸ் என்ற டொக்டரும் கூட்டாளிகளும் 51 குழந்தைகளின் 86 பாதங்களை ஆராய்ந்தார்கள். திரும்ப வளைந்ததற்கும் பெற்றோரின் வருமானத்துக்கும் தொடர்பில்லை. பிறக்கும்போது எவ்வளவு வளைந்திருந்தது என்பதற்கும் இல்லை. கம்பியை ஒழுங்காகப் போடாததே பெரிய காரணம். பெற்றோரின் படிப்புக் குறைவு இன்னொன்று. நாங்கள் இருவருமே பட்டதாரிகள். அந்தக் கணக்கை எங்கள் வீட்டில் பிழைக்க வைத்துவிட்டோம்.

மறுபடி மூன்று பிளாஸ்டர். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது 18 நாள் குழந்தைக்குப் போடுவது போல இல்லை. அவனுக்கு விளங்கும், "வாப்பா, வேணாம்" என்று சொல்லத் தெரியும். பிறகு நாலரை வயது வரை ஒரு ராவும் தவறவிடவில்லை.

இப்போது தரம் ஆறு. பந்தடிக்கிறான். இடது கெண்டை கொஞ்சம் மெல்லியது, பாதமும் ஒரு அளவு சிறியது. பெருநாளைக்குச் சப்பாத்து எடுக்கிறபோது கடைக்காரரோடு ஒரு சின்ன வழக்கு, அவ்வளவுதான்.

அன்று கம்பியை அலுமாரியிலிருந்து எடுத்து அவர்கள் முன் வைத்தோம். பிளாஸ்டர் போட்டால் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள், நீலம் பிடித்தாலோ வீங்கினாலோ அடுத்த கிழமை வரை நில்லாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றோம். தம்பியின் உம்மா சப்பாத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராவைல புள்ள அழுதா?"

"முதல் சில நாள் அழும் உம்மா. நீங்க தூக்கி வெச்சிருங்க, கழட்டாதீங்க."

குழந்தையை மருமகளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். துவாயைத் திரும்பச் சுற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பிளாஸ்டர். நாங்களும் லீவு போட்டிருக்கிறோம், கூடப் போகிறோம். நம்ம ஊரில் வேறு வீடுகளிலும் துவாய்க்குள் இப்படி ஒரு பாதம் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.