விரலைக் கடிச்ச வில்லன்!

சேரன்மகாதேவியில பொறந்துட்டு கன்னடியன் கால்வாய்ல குளிக்காதவன் ஊர்க்காரனே இல்லை. போன ஆடியில ஒரு ஞாயித்துக்கிழமை, காலைச் சுத்தின பாசிக்கொடியைப் பிடிச்சு இழுத்தேன். சுண்டுவிரல்ல 'சுரீர்'! தேள்தான்னு முடிவு பண்ணி நான் போட்ட கூச்சல்ல, துவைச்சுட்டிருந்த ஆச்சி துணியைப் போட்டுட்டு ஓடி வந்தா.

''ஏலே, தண்ணிக்குள்ள ஏதுல தேளு? பூச்சி கடிச்சதுக்கா இந்தக் கத்து கத்துத? இஞ்சினீரு படிக்கானாம்!''

கொடியை உதறினா, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பழுப்புப் பூச்சி. தட்டையான முட்டை வடிவ உடம்பு. பேனாக்கத்தி மாதிரி மடிஞ்ச, தடிச்ச முன்னங்கால். வாட்டர் பாட்டில்ல பிடிச்சு, பாளையங்கோட்டையில விலங்கியல் படிக்கிற ஸ்கூல் தோஸ்த்கிட்ட கொண்டுபோனேன். பார்த்ததும் பயலுக்கு அப்படியொரு சந்தோஷம்!

நாக்கோரிடேங்கிற குடும்பமாம். உலகத்துல சுமார் 400 வகை இருக்காம். மூட்டைப்பூச்சிக்கு தூரத்துச் சொந்தம். (கடி அப்படித்தானே இருந்துச்சு!) இறக்கைக்கு அடியில காத்தை அடைச்சுக்கிட்டு முங்கும், தீர்ந்தா மேல வரும். கொசுப்புழு மாதிரி சிக்கினதை முன்னங்காலால அமுக்கிப் பிடிச்சு, ஊசி வாயால குத்தி, எச்சிலை ஏத்தி, கரைஞ்சதை உறிஞ்சிடும். மனுஷனைத் தேடி வந்து கடிக்காது. கொடியிலயும் கல் இடுக்குலயும்தான் ஊர்ந்துக்கிட்டிருக்கும். நான்தான் அது வீட்டைப் பிடிச்சு இழுத்திருக்கேன்.

இதுவரைக்கும் காமெடி. சிக்கல் மறுநாள் வந்துச்சு. நான் சிவில், மூணாவது வருஷம். எங்க மினி புராஜெக்ட், ஒரு கிளை வாய்க்காலுக்கு கான்கிரீட் லைனிங் போட எஸ்டிமேட். மேனிங் ஃபார்முலா படிச்சவங்களுக்குத் தெரியும்... செடி மண்டின மண் வாய்க்காலுக்கு 'என்' மதிப்பு 0.030னு வெச்சா, வழவழ கான்கிரீட்டுக்கு 0.015. அதே சரிவு, அதே ஆழம்னா தண்ணி ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். கசிவும் குறையும். கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரும். எங்க மாமா வயலே கடைமடைதான். ஒரு வருஷம் பயிர் கருகி, அவர் வரப்புல பேசாம உக்காந்திருந்ததைப் பார்த்திருக்கேன். அதனால லைனிங் வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா அந்த 0.030ல ஒரு பங்கு, நான் இழுத்த கொடிதானே மக்கா!

டீம்ல சொன்னா, ''பூச்சியை எந்த ஐட்டத்துல எழுதுவ மாப்ள?''னு சிரிக்கிறானுங்க. கடைசியில, படித்துறையை ஒட்டி இருபது மீட்டருக்கு லைனிங் இல்லாம, கல் மட்டும் அடுக்குறதா வரைஞ்சிருக்கேன். மார்க் போகுமானு வைவாவுல தெரியும். மாமாகிட்ட இன்னும் சொல்லலை.

பூச்சியை அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே அதே இடத்துல விட்டுட்டேன். ஆச்சி பார்த்துட்டா.

''கடிச்சதையா பஸ்ல கூட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டாந்து விடுத?''