சத்ரியாவுக்கு எந்த மவுண்டிங்?

ஜூன் 6, ஸ்கூடாய்

எஞ்சினின் பின் மவுண்டிங் கிழிந்துவிட்டது. காரைத் தூக்கி நிறுத்தி, போமன் டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் நுழையும் இரும்புக் குழாயைச் சுற்றியுள்ள ரப்பரில் ஒரு பக்கம் முழுக்கப் பிளவு. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் பிளவு வாய் திறந்தது. உள்ளே சாம்பல் பூத்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. டைமிங் பெல்ட் பக்கத்து மவுண்டிங்கின் நோய் வேறு. வால்வு கவரிலிருந்து கசிந்த எண்ணெய் பல காலம் அதன்மேல் இறங்கியிருக்கிறது. ரப்பர் உப்பி, நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது.

"நாலையும் பி.யு.வா மாத்திடுங்கண்ணே. எண்ணெய் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. காரு இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றேன்.

பி.யு. என்றால் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்டுபிடித்த பொருள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறோம்.

ஜூன் 8

என்னுடையது புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. 1998இல் இந்த மாடல் வந்தது. எஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி93, 1834 சிசி. சஸ்பென்ஷனைச் சீர்செய்து கொடுத்தது லோட்டஸ். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரம் என்ன செய்கிறது என்பதைக் கைக்குச் சொல்லும் கார் இது. நம் நாட்டில் செய்த கார்களில் இதற்கு இணை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதனால்தான் மவுண்டிங் விஷயத்தில் அவசரப்பட மனம் வரவில்லை.

எஞ்சின் நான்கு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று. எடையைத் தாங்குவது இவை இரண்டும். முன்னும் பின்னும் உள்ள மற்ற இரண்டும் ரோல் ஸ்டாப்பர்கள். கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் புரண்டுவிடாமல் பிடிப்பது அவற்றின் வேலை. பின்னது கிழிந்ததால்தான் முதல் கியரில் அந்த 'டொக்' சத்தம். எஞ்சின் ஆடும்போது எக்ஸாஸ்ட் குழாயையும் சேர்த்து இழுக்கும். விட்டுவைத்தால் அதுவும் விரிசல் விடும்.

ஜூன் 11, இரவு

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உதை உதைக்கிறது. ஐடிலில் 750 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 12.5 சுற்று, 25 உதை. மவுண்டிங்மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அதை வினாடிக்கு 10 என்று வைத்துக் கணக்குப் போட்டால், உதையில் ஐந்தில் ஒரு பங்குதான் பாடிக்கு வருகிறது. பி.யு. ரப்பரைவிட விறைப்பானது. விறைப்பை இரண்டு மடங்காக்கினால் சொந்த அதிர்வெண் 14ஐத் தாண்டும். ஏறக்குறைய பாதி உதை உள்ளே வந்துவிடும். மூன்று மடங்காக்கினால் 17க்கு மேல் போய்விடும். அப்போது தடுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது, பத்தில் ஒன்பது பங்கு உதை கேபினுக்கு வரும். இது தணிப்பைச் சேர்க்காத எளிய கணக்கு. ஆனாலும் எந்தத் திசையில் போகிறோம் என்பதைச் சரியாகக் காட்டிவிடுகிறது.

3000 ஆர்.பி.எம்.மில் உதை வினாடிக்கு 100. அங்கே இந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடும். பி.யு. போட்டுக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தவர் "ஒன்றுமே தெரியவில்லை" என்று மகிழ்வதற்கும், அதே ஆள் மறுநாள் சிவப்பு விளக்கில் முகம் சுளிப்பதற்கும் காரணம் இதுதான்.

ஜூன் 14, காஸ்வே

கணக்கை உடம்பால் சரிபார்க்க வாய்த்தது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்க நண்பரின் சத்ரியாவில் போனேன். அவர் காரில் நான்கும் பி.யு. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தபோது எனக்கு ஆசை வந்தது உண்மை. மிதித்த கணமே இழுக்கிறது. கியர் மாற்றும்போது எஞ்சின் முன்னும் பின்னும் சாயும் அந்தச் சிறு தயக்கம் இல்லவே இல்லை.

பிறகு காஸ்வே. 1924இல் திறந்த பாதை, நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அதைக் கடக்க எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஜொகூர்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏர்கான் கம்ப்ரஸர் ஏறும்போதெல்லாம் டேஷ்போர்டு கிடுகிடுத்தது. பின்பார்க்கும் கண்ணாடியில் பின்னால் நின்ற லோரியின் நம்பர் பிளேட் கலங்கித் தெரிந்தது. உட்லண்ட்ஸை நெருங்குவதற்குள் என் கடைவாய்ப் பல் கூசியது. "பழகிடும்லா" என்றார் நண்பர். பழகத்தான் செய்யும். ஆனால் ஜொகூரில் ஓடும் கார் தன் ஆயுளில் எவ்வளவு நேரம் ஐடிலில் நிற்கிறது! பந்தயத் தடத்தில் ஒரு சுற்று முழுக்க ஐடில் என்ற பேச்சே கிடையாது. பி.யு. அந்த உலகத்துக்குச் செய்த பொருள்.

ஜூன் 17, கூலாய்

அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போவார். அங்கே ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூண்டில் காயவைத்தால் ஷீட்டு. இந்த மாநிலத்துத் தமிழர்களில் பாதிப் பேரின் வீட்டுக்கதை இதுவாகத்தான் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் மலேசியாவைத் தாய்லாந்து முந்தியது. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

பானெட்டைத் திறந்து, எண்ணெய் இறங்கி உப்பிய மவுண்டிங்கைக் காட்டினேன். விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "இது ரப்பர் கெட்டதில்லப்பா. எண்ணெய் கெடுத்தது." வேலை முடிந்து வந்ததும் கையில் ஒட்டிக் காய்ந்த பாலை மண்ணெண்ணெய் தொட்டுத்தான் துடைப்பார்; எண்ணெய் ரப்பரை என்ன செய்யும் என்று அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அவர் சொன்னதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. மெல்பனில் 1889இல் கட்டிய ரயில் மேம்பாலத்தில் இயற்கை ரப்பர் பட்டைகள் வைத்தார்கள். 96 ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கெட்டிருந்தது. உள்ளே நல்ல ரப்பர். 1966இல் லண்டனில் பாதாள ரயில் பாதையின் மேல் கட்டிய ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பு, ரயில் அதிர்வு மேலே ஏறாமலிருக்க முழுக்கட்டடமாக ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. காரில் எஞ்சினை ரப்பரில் மிதக்கவிடுவதைக் கிரைஸ்லர் 1931இல் பிளிமத் காரில் பெரிய விளம்பரத்தோடு கொண்டுவந்தது.

இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் நீளவாக்கில் அணிவகுத்துப் படிகமாகின்றன. விரிசலின் முனையில்தான் இழுவை அதிகம், படிகமாவதும் அங்கேதான். அதனால் விரிசல் எளிதில் ஓடுவதில்லை. கோடிக்கணக்கான உதைகளைத் தாங்குவது அந்தக் குணத்தால். அதற்கு ஆகாதவை எண்ணெய், ஓசோன், எக்ஸாஸ்ட் பக்கத்து ஓயாத சூடு.

ஜூன் 19

பி.யு.வுக்கு நியாயம் செய்ய வேண்டும். எண்ணெய் அதை அசைக்காது. புஷ்ஷாகவே கடையில் கிடைக்கும். பழைய இரும்புக் கூட்டுக்குள் கையாலேயே தள்ளிப் போடலாம். ரப்பரை இரும்போடு சேர்த்துத்தான் வேகவைத்து ஒட்டுகிறார்கள், அதனால் முழு மவுண்டிங்கையே வாங்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன சில கார்களுக்குப் பி.யு. மட்டும்தான் வழி. தடத்தில் ஓட்டுபவர்களுக்கு நான் மறுபேச்சில்லாமல் அதையே சொல்வேன்.

ஆனால் பி.யு.விலும் இரண்டு சாதி. பாலியெஸ்டர் வகை ஈரமும் சூடும் சேர்ந்தால் நீராற்பகுப்பால் மெல்ல உடையும். பாலியீதர் வகை அதைத் தாங்கும். ஆண்டு முழுக்கப் புழுங்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. தெப்ராவ் கடையில் எது என்று கேட்டேன். "சிவப்பு கொஞ்சம் சாஃப்ட், கறுப்பு ஹார்டு" என்பதே பதில். காரின் ஆயுளுக்கும் வரும் என்ற பேச்சை அதன்பிறகு நான் நம்பவில்லை.

எல்லா காருக்கும் ஒரே விடையும் இல்லை. மஸ்டா எம்.எக்ஸ்-5இல் கியர்பாக்ஸுக்கென்று தனி மவுண்டிங் கிடையாது. ஒரு நீண்ட சட்டம் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் பிணைக்கிறது. எஞ்சினுக்கு இரண்டு, டிஃப்புக்கு இரண்டு. அங்கே டிஃப்பில் பி.யு. போட்டால் பல்சக்கரத்தின் முனகல் காதுக்கு வந்து சேரும்.

எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. இருபது வயது தாண்டிய செத்த ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதுப் பி.யு.வைப் போட்டு, 'அடேயப்பா என்ன இறுக்கம்!' என்று எல்லோரும் வியக்கிறோம். அந்த வியப்பில் பெரும்பங்கு 'புது' என்பதற்கு உரியது. புது ரப்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. லோட்டஸ்காரர்கள் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தது ரப்பர் மவுண்டிங் போட்ட காரைத்தான்.

ஜூன் 27, ஸ்கூடாய்

நான்கும் புது ரப்பர். முதலில் வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றச் சொன்னேன். கசிவை நிறுத்தாமல் ரப்பர் போடுவது வீண். ரோல் ஸ்டாப்பர் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, ஜாக்கை எடுத்து, எஞ்சின் தன் எடையில் தானே அமர்ந்த பிறகுதான் போமன் முழுசாக முறுக்கினார். முறுக்கேறிய நிலையில் பூட்டினால் ரப்பர் நாள் முழுக்க இழுபட்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். இதைத் தானாகவே செய்த அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

'டொக்' போய்விட்டது. ஏர்கான் ஏறும்போது ஸ்டியரிங்கில் லேசான துடிப்பு, அவ்வளவுதான். மூன்றாவது கியரில் இழுவை நண்பரின் கார் அளவுக்கு உடனடியாக இல்லை. பழைய நிலையோடு ஒப்பிட்டால் வேறு கார்.

நண்பர் மாலையில் ஓட்டிப் பார்த்தார். எடை தாங்கும் இரண்டையும் ரப்பருக்கு மாற்றிக்கொள்கிறாராம், ரோல் ஸ்டாப்பர் இரண்டும் பி.யு.வாகவே இருக்கட்டுமாம். பின் ஸ்டாப்பரையும் மாற்றினால்தான் ஐடிலில் முழு வித்தியாசம் தெரியும் என்று நான் சொல்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் மாற்றியதும் இரண்டு காரையும் காஸ்வேக்குக் கொண்டுபோவதாக இருக்கிறோம்.