கால்கேனனில் காய்ந்த மிளகாய்

கால்கேனன் என்றதும் ஏதோ பீரங்கி என்று நினைத்துவிட வேண்டாம். அயர்லாந்துச் சமையலில் இதைவிடச் சாதுவான பண்டம் கிடையாது. மசித்த உருளைக்கிழங்கு, கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ், சூடான பால், வெங்காயத்தாள், உப்பு. அவ்வளவுதான். தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் வைப்பார்கள். ஓரத்திலிருந்து எடுத்து உருகிய வெண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஹாலோவீன் இரவில் உள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பதுண்டு. யார் தட்டில் வருகிறதோ அவருக்கு வருடத்துக்குள் கல்யாணம்.

டப்ளினுக்கு மருத்துவம் படிக்கப் போன மலேசியப் பிள்ளைகள் நிறைய. நானும் அப்படிப் போனவள்தான். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவர் கையால் சாப்பிட்ட கால்கேனன் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நாக்கு எதையோ தேடியது. காரம் இல்லாம எப்படிங்க கிழங்கு இறங்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பை என்னிடம் விட்டார். மாவுத்தன்மையுள்ள கிழங்கைத் தோலோடு வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆவி போகவிட்டு மசித்தேன். எண்ணெயில் கடுகு வெடித்ததும் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கேலை அந்தத் தாளிப்பிலேயே வதக்கிக் கிழங்கோடு கலந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலியைப் பொரித்து மேலே தூவி, கடைசியாக வெண்ணெய்.

இருமிக்கொண்டே முழுத்தட்டையும் காலி செய்தார். பிறகு சொன்னார்: “ருசியா இருக்கு. ஆனா இதைக் கால்கேனன்னு சொல்லாதே.”

காரணம் கேட்டேன். 1845இல் கிழங்குச் செடிகளில் விழுந்த நோயைப் பற்றிச் சொன்னார். ஏழைகளுக்குக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத காலம். 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். அப்போதும் தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. “எங்க ஆளுங்க இந்தக் கிழங்குக்காகச் செத்திருக்காங்க” என்றார், கோபமே இல்லாமல்.

எனக்கு உடனே பாட்டி ஞாபகம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. பாட்டி பிறகு சாகும்வரை அதைத் தொடவில்லை. “அதைத் தின்னு தின்னு வயிறே கசந்துபோச்சு” என்பார். அதே மரவள்ளியை இன்று யாராவது பாலாடைக்கட்டி தூவி, ‘பாரம்பரிய உணவு’ என்று பெயர் வைத்து விற்றால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

அதற்காக மிளகாயைத் தள்ளிவைக்க வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உருளைக்கிழங்கே அயர்லாந்துக்கு வந்தேறிதான். அதற்கு முன்னால் அங்கே ஓட்ஸும் பாலும் தயிரும்தான் சாப்பாடு. நம் மிளகாயும் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், இரண்டும் கத்தரிக்காய்க் குடும்பம். டப்ளின் சட்டியில் நான் சேர்த்துவைத்தது தூரத்து உறவுக்காரர்களைத்தான். வீட்டுக்காரம்மாவும் மிளகாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரை மட்டும் விட்டுவிடு என்றார். அந்தப் பெயருக்குள் அவர் வீட்டுச் சாவுகள் இருக்கின்றன.

அதற்குப் பெயர் ‘தாளிச்ச கிழங்கு’ என்று முடிவானது. அவர் வாயில் அது ‘தாலிச்ச கிலங்கு’. மாதம் ஒருமுறையாவது கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இப்போது கிள்ளானில் கேல் விலை கட்டுப்படியாவதில்லை. கைலான் போடுகிறேன். அதுவும் கேலும் ஒரே இனம்தான், ருசியில் பெரிய குறை தெரியாது. பிள்ளைகள் பசியாற அதையே ரொட்டியில் தடவிக் கொடுக்கிறேன். அக்டோபர் 31 அன்று மட்டும் மிளகாய் டப்பாவைத் திறப்பதில்லை. அன்றைக்குக் கால்கேனன். பாலும் வெண்ணெயும் உப்பும் போதும்.